தூறலின் அளவு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டரான அவள் வீட்டுக் கணினியை விட்டு நகரவே இல்லை. அச்சகம் வைத்திருக்கும் அவள் புருஷன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டான். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கும் அவன் அக்கா, வாசிப்பறைச் சுவருக்கு இவள் எடுத்த சுருள் விண்மீன் கூட்டத்தின் படத்தைக் கேட்டிருந்தாள். படத்தை ஒட்டுவதற்குச் சுவரை அடைக்கும் அளவுக்குப் பலகையே அறுத்து வைத்துவிட்டான் அவன்.

"ரெண்டு மடங்கா இழுத்துட்டா முடிஞ்சுது. இதுக்குப் போயி ஏம்மா இவ்வளவு யோசனை?"

"பலூன்ல எழுதி ஊதினா எழுத்து பெருசாகும். தெளிவாகுமா?"

ஒவ்வொரு முறை படம் எடுக்கும்போதும் தொலைநோக்கியை ஒரு மயிரிழை நகர்த்தியிருந்தாள். அதனால் ஒரே விண்மீன் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. இப்போது ஒவ்வொரு படத்தின் புள்ளிகளையும் சின்னச் சொட்டுகளாகச் சுருக்கி, இன்னும் நெருக்கமான கட்டங்களின் மேல் விழவைக்க வேண்டும். டிரிஸில் என்று அதற்குப் பெயர், தூறல்தான்.

சொட்டைச் சின்னதாக வைத்தாள். விண்மீன்கள் ஊசிமுனை மாதிரி வந்தன. ஆனால் சொட்டே விழாத கட்டங்கள் வானமெங்கும் கறுப்புப் பொத்தல்களாக நின்றன. பெரிதாக்கினாள். பொத்தல் மறைந்தது, கூர்மையும் போனது.

"முதல்ல வந்ததையே குடு. பொத்தலை நான் கடையில அடைச்சுடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"அப்புறம் அது நீங்க வரைஞ்ச வானம்."



இன்னும் படங்கள் சேர்ந்தால் பொத்தல்கள் தானே நிரம்பும். மெல்லிய மேகம் படிந்ததென்று முன்பே கழித்துக்கட்டிய படங்களைத் திறந்தாள். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு அவளுடைய கிளினிக் நாற்காலியில் அவன் கிடந்த அன்று பார்த்த அதே பார்வை. அன்று வலியில் கவனிக்கவில்லை. இப்போது வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். காற்றில் ஆடியவற்றைத் தொடவில்லை அவள். விண்மீன்கள் உருண்டையாக இருந்தவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டாள். சொட்டை முதலில் வைத்ததைவிடச் சற்றே பெரிதாக்கி மறுபடி ஓட்டினாள்.

நடுவில் ஒரு பொத்தல்கூட இல்லை. ஓரங்களில் மட்டும் இருந்தன. அங்கே படங்கள் ஒன்றன்மேல் ஒன்று போதுமான அளவு விழவில்லை. கொஞ்சமும் தயங்காமல் ஓரத்தை வெட்டி எறிந்தாள்.

"ஐயோ, பலகை!" என்றான்.

"இங்க பாருங்க."

சுருளின் நுனியில் இதுவரை ஒரே விண்மீனாகத் தடித்துத் தெரிந்தது, இரண்டாகப் பிரிந்து நின்றது. நடுவே இருட்டு, சுத்தமாக.

"ரெண்டா!"

"எப்பவும் ரெண்டுதான். நமக்குத்தான் தெரியல."

அவன் அக்காவுக்குப் போன் போட்டான். "சுவர் முழுக்க வராதுக்கா."

"ஏன்டா, உன் மிஷின் மக்கர் பண்ணுதா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. இதுக்கு மேல இழுக்க இவ ஒத்துக்க மாட்டேங்கறா." குறை சொல்கிற குரலாக இல்லை அது. தன் கடையில் யாருமே செய்யாத ஒன்றைப் பற்றிச் சொல்கிற பெருமை.

"அப்ப விடு. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். மிச்ச இடத்துல அலமாரி போட்டுக்கறேன்."

மறுநாள் அச்சகத்தில் பலகையைச் சிறிதாக அறுத்தான். படத்தை அச்சுக்கு அனுப்புவதற்கு முன், கீழ் மூலையில் அவள் பெயரைப் பொடி எழுத்தில் சேர்த்தான். கேட்டால் வேண்டாம் என்பாள். அதனால் கேட்கவே இல்லை.