உள்ளங்கை ரோஸ்

பெயின்ட் கடைக்காரருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் கண்ணளவு. கலர் கலக்க மெஷின் வாங்கிப் போட்டிருந்தார். அதைத் தூசி தட்டுவதோடு சரி. சிவப்புச் சாயம் சேர்கிற கலர் எதுவானாலும் ஒரு சொட்டை உள்ளங்கையில் தடவி, தோலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். முப்பது வருஷத்தில் ஒரு டப்பாகூடத் திரும்பி வந்ததில்லை.

இந்த மாதம் மட்டும் மூன்று வந்துவிட்டது.

"அக்கா, எப்பவும் வாங்குற அதே ரோஸ்தானே கேட்டேன்? சுவத்துல அடிச்சா வெளிறிப்போய்க் கிடக்கு," என்று காண்ட்ராக்டர் மூன்றாவது டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

கல்லாவில் இருந்த மனைவிக்கு மானமே போயிற்று. ஏற்கெனவே அவளுக்குக் கவலைக்குப் பஞ்சமில்லை. நாலு வருஷமாகக் கணவருக்கு இதயம் பலவீனம். உப்பைக் குறைத்து, வேளை தவறாமல் மாத்திரை கொடுத்து, தினமும் எடை பார்த்து எழுதி, கண்ணும் கருத்துமாகக் கவனித்து வந்தாள். கால் வீங்கவில்லை, எடை ஏறவில்லை. ஆனாலும் மனிதர் இரண்டு மாதமாக நாலு படி ஏறினாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறார்.

"இதயம் அவ்வளவுதாம்மா. ஓடுற வரைக்கும் ஓடட்டும்," என்பார்.

அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயம்.

"என்னங்க, கலரப் பாத்துதான் கலந்தீங்களா, இல்ல தூங்கிட்டீங்களா?"

"என் கண்ணையே சந்தேகப்படுறியா? இந்தா பாரு!" ரோஸில் ஒரு சொட்டைத் தடவிக் கையை நீட்டினார். "கைய விடச் சிவப்பு கொஞ்சம் தூக்கல். முப்பது வருஷமா இதே அளவுதான்."

அளவு சரிதான். அவள் தன் கையை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவருடையது சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"ஐயோ, கண்ணு நல்லாத்தாங்க இருக்கு! கைதான் வெளுத்துப்போச்சு! கடைசியா டெஸ்ட்டுக்கு ரத்தம் எப்பக் குடுத்தீங்க?"

"அதான்... எல்லாம் நார்மல்னு சொன்னேனே."

"குடுத்தீங்களா, இல்லையா?"

ஊசி என்றால் அவருக்குப் பாதி உயிர் போய்விடும். போன இரண்டு தடவையும் ரத்தப் பரிசோதனைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ குடித்துவிட்டு வந்து வாய் கூசாமல் கதை அளந்திருக்கிறார்.

"அடப்பாவி மனுஷா!" என்று ஷட்டரை இழுத்துச் சாத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சோதனையில், பதிமூன்றாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது.

"மூச்சு வாங்குறதுக்கு இதயம் மட்டும் காரணமில்ல, ரத்தசோகையும் சேந்திருக்கு. பலவீனமான இதயத்துக்கு ரத்தமும் குறைஞ்சா வேலை இன்னும் கூடிடும். கவனிக்காம விட்டா சீக்கிரம் போயிடுற ஆபத்து அதிகம்."

போயிடுற என்றதும் அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இரும்புச்சத்து ரொம்பக் குறைவு. ஏன்னு கண்டுபிடிப்போம். இவருக்கு மாத்திரையில சரியா ஏறாது, ட்ரிப்ஸ்லதான் ஏத்தணும்."

"ஊசியா?" என்றார் அவர் ஈனக்குரலில்.

"வாய மூடிட்டுக் கைய நீட்டுங்க," என்றாள் அவள்.

அவருக்கு ட்ரிப்ஸ் ஏறியது. கடையிலும் புதுச் சட்டம் வந்தது: கை தேறும் வரை ஒவ்வொரு ரோஸ் டப்பாவிலும் சிவப்பு இரண்டு சொட்டு கூடுதலாகப் போட வேண்டும். புகார் நின்றது. ஆனால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தினமும் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் நிறம் ஏறியதா இல்லையா என்றே அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

சில வாரம் கழித்துக் காண்ட்ராக்டர் மறுபடி டப்பாவோடு வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்னக்கா இது? அன்னைக்கு வெளிறிப் போச்சுன்னேன், இன்னைக்குக் கன்னாபின்னான்னு சிவப்பா இருக்கு! வீட்டுக்காரர் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டார்!"

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"அண்ணே, உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்! வேற டப்பா சும்மாவே எடுத்துட்டுப் போங்க," என்றாள். அவர் திருதிருவென்று விழித்தார்.

அவள் பின்கட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"என்னங்க! அந்த ரெண்டு சொட்டு இனிமே வேண்டாங்க!"