சாரதிக்கு மட்டும் நான்கு கடமைகள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் மேல் வந்து விழுந்தது. தலவாக்கலையில் தவறவிட்ட ரயிலை நானுஓயாவில் பிடிக்கலாமென்று வியாகுலம் அண்ணனின் வேனை வாடகைக்கு எடுத்தேன். பின்சீட்டில் இருந்தவள் நான்தான். ஆனாலும் அவர் பக்கமிருந்தே சொல்கிறேன். என் பக்கத்தைப் பார்க்க எனக்கே அலுப்பாக இருக்கிறது.

முதலில் எழுதிய தொடக்கம்: 'மூடுபனி ஒரு வெள்ளைச் சேலையைப் போல—'

அடித்துவிட்டேன். பனி இருந்தது, அவ்வளவுதான்.

2

லிந்துலை தாண்டி ஒரு வளைவு. தேயிலைக் கொழுந்து மூட்டையோடு மீனம்மா என்ற தோட்டத் தொழிலாளி வீதியைக் கடந்தார். வியாகுலம் பிரேக்கை மிதித்தார். வேனின் இடது மூலை இடித்தது. மூட்டை தெறித்துக் கொழுந்து சிதறியது. மீனம்மா வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தார்.

அந்தக் கணத்தில் வியாகுலம், ஓடிவிடலாமா என்று—

இதையும் அடிக்கிறேன். பின்னாளில் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "நெனைக்க எங்க டீச்சர் நேரம்? காலு தானா மிதிச்சிருச்சி."

இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டியவர். சட்டம் சொல்வது தெரியும். நிற்க வேண்டும். அடிபட்டவருக்கு உதவ வேண்டும். கேட்டவருக்குப் பெயரும் விலாசமும் சொல்ல வேண்டும். பொலிசுக்குப் போக வேண்டும். கானுக்குள் இறங்கி மீனம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அசையாதீங்கக்கா. காலு ஒடஞ்சிருக்கு போல."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பின்னால வர்ற பஸ்ஸில ஏறுங்க டீச்சர். ரயிலு போயிரும்."

ஏறினேன். ரயிலையும் பிடித்தேன்.

3

(இனி வருவது நான் பார்க்காதது. அவரும் மீனம்மாவின் மகள் ஜீவராணியும் சொன்னதை ஒட்டிப் போடுகிறேன்.)

கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் வியாகுலத்தின் சட்டையைப் பிடித்தார்.

"யாருய்யா நீ?"

"வியாகுலம். தலவாக்கலை. வண்டி என்னோடதுதான். அடிக்கிறதுன்னா அப்புறம் அடிங்க. மொதல்ல அக்காவத் தூக்குங்க."

படங்குச் சாக்கை விரித்து அதில் தூக்கி வேனில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேரே பொலிஸ் நிலையம் போனார். சார்ஜன் சிங்களத்தில் கேட்டுச் சிங்களத்தில் எழுதினார்.

வேகம்?

நாற்பது.

யாராவது அவசரப்படுத்தினார்களா?

இல்லை.

சாயங்காலம் வார்டுக்கு வெளியே ஜீவராணி நின்றிருந்தாள். "நான் ஓடலம்மா, நின்னேன்" என்றார் வியாகுலம்.

"நின்னதுக்கு நன்றி சொல்லணுமா? நிக்கணும்னுதான் சட்டம். அம்மா இனி மலை ஏறுவாங்களா, அதச் சொல்லுங்க."



4

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: மீனம்மா மறுபடி கொழுந்து எடுக்கப் போகிறார். பொய். எலும்பு நேராகச் சேரவில்லை. இப்போது பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்து அடுத்தவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

இன்னொன்று: வியாகுலம் வழக்கிலிருந்து விடுதலையாகிறார். அதற்கு, மீனம்மா பார்க்காமல் குறுக்கே வந்தார் என்றாக வேண்டும். அப்படித்தான் பேச்சும் அடிபடுகிறது.

போன வாரம் வியாகுலம் என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"ஒங்களச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க டீச்சர். நாப்பதுன்னே சொல்லிருங்க."

"அறுபதுக்கு மேல இருந்துச்சே அண்ணே."

"இருந்துச்சி." தலையைக் குனிந்துகொண்டார். "யாரும் அவசரப்படுத்தலன்னும் சொல்லியிருக்கேன். ஒங்களுக்காகத்தான். அதையும் மாத்திராதீங்க."

(அடிக்குறிப்பு: அவர் போனபின் சட்டத்தை எடுத்துப் படித்தேன். நான் பார்த்த பக்கத்தில் சாரதியின் கடமைகள் வரிசையாக இருந்தன. பின்சீட்டிலிருந்து விரட்டியவளுக்கு ஒரு வரிகூட இல்லை.)

5

உண்மையைச் சொன்னால் அவர் பொய் சொன்னது வெளியே வரும். ஓடாமல் நின்ற மனிதர் உள்ளே போகலாம். சொல்லாவிட்டால் பிழை முழுவதும் மீனம்மாவின் தலையில் விழும். ராத்திரி பகலாக யோசித்துக் களைத்துவிட்டேன்.

முடிவை உங்கள் கையில் தருகிறேன் என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். உங்களை யாரும் நீதிமன்றத்துக்குக் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். ஜீவராணியின் தோளைப் பிடித்தபடி மீனம்மா வந்திருப்பார். வியாகுலம் என்னைப் பார்க்க மாட்டார். நான் கூண்டில் ஏறி, 'அன்று வேனில் ஏறியதும் நான் அவரிடம்—