ஒரே துண்டுக்குள் இரண்டு வேட்பாளர்கள்

நாச்சிமுத்துவின் குழந்தைப் பருவம் மாட்டுக் கொட்டகையில் கட்டியிருந்தது. சாம்பல் வெள்ளையில் மயிலைக் கன்று. நெற்றியில் சின்னதாக ஒரு வெள்ளை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அதே உயரம்.

அந்த நாட்டில் எல்லோருக்கும் அப்படித்தான். ஆள் வளர்ந்துவிடுவான். அவனுடைய குழந்தைப் பருவம் வளராமல் கொட்டகையில் நின்று வைக்கோல் தின்னும். தீனிச் செலவு கட்டுபடியாகாமல் பெரும்பாலானவர்கள் கல்யாணத்தோடு அதைத் தள்ளிவிடுவார்கள். நாச்சிமுத்து தள்ளவில்லை. மாட்டுத் தரகர் அவர். ஊரார் மாட்டையெல்லாம் விற்றுக் கொடுப்பார், தன் கொட்டகையில் நிற்பதற்கு மட்டும் விலை சொல்ல மாட்டார். விலையில்லாத சரக்கு ஒன்றாவது வீட்டில் இருந்தால்தான் மற்றதற்கு விலை பிடிபடும் என்பார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போய் அதன் கழுத்தைச் சொறிவார். சொறிகிற வரைக்கும் அவருக்கு ஏழு வயது. கையை எடுத்தால் அறுபத்திரண்டு. அவர் மனைவி ராமாத்தாள் சொறிந்தாலும் அவருக்குத்தான் ஏழு வயதாகும். கடைக்கு அனுப்பவேண்டியிருந்தால் சொறிவாள்.

ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தொலைக்காட்சி வேன் வந்து வாசலில் நின்றது.

தயாரிப்பாளர் பெயர் ஜெயப்பிரதாபன். போட்டியிடும் இரண்டு பேரைப் பற்றிய ஆவணப்படங்களையும் அவரே எடுத்தார். ஒருவருக்காகப் பேசும்போது சட்டையை நேராகப் போட்டிருப்பார். அடுத்தவருக்காகப் பேசும்போது கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொள்வார். நடுநிலை தவறாதவர் என்று பெயர்.

"ரெண்டு படமும் முடிஞ்சுது. ஆரம்பம் மட்டும் காலியா இருக்கு," என்றார்.

"ஏனுங்க?"

"குழந்தைப் பருவம் இல்ல."

வேட்பாளர்களுக்கு அது இருப்பதில்லை. வளர்ந்த ஆளாக, கும்பிட்ட கையோடு வந்து இறங்குகிறவர்கள் அவர்கள். ஆனால் குழந்தைப் பருவம் இல்லாத படத்தை ஒளிபரப்பக் கூடாதென்று சட்டம் இருந்தது. ஆகவே தேர்தலுக்குத் தேர்தல் யாரிடமாவது வாங்கிப் போடுவார்கள்.

"எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதானுங்க இருக்குது," என்றார் நாச்சிமுத்து.

"தெரியும். ரெண்டு பேரும் அதத்தான் கேக்கறாங்க."

"குடுக்கறதில்லீங்க."

ஜெயப்பிரதாபன் சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டார். "வேட்பாளர் கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாது. வெல பேசலாம். பொழுது சாயறதுக்குள்ள ரெண்டுல ஒருத்தருக்கு முடிச்சாகணும். முடியலன்னா டி.வி.யே சும்மா ஓட்டிட்டுப் போயிரும்."

சமையற்கட்டிலிருந்து ராமாத்தாள் எட்டிப் பார்த்தாள். "ஓட்டிட்டுப் போனா அப்பறம் கடைக்குப் போறது யாருங்க?"

சட்டத்தில் கடையைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நாச்சிமுத்து தரகர். விலை பேசலாம் என்று ஒரு சட்டம் சொன்னால் போதும். விற்காமல் இருப்பதற்கு உலகத்தில் உள்ள வழிகளில் மிகவும் மரியாதையானது விலை பேசுவது.

வேட்பாளர்கள் இறங்கினார்கள். வேனின் முன்கதவு வழியாகத் தீத்தாரப்பன். பின்கதவு வழியாகப் பாவாத்தாள். ஒருவரையொருவர் இதுவரை சுவரொட்டியில்தான் பார்த்திருந்தார்கள். அதனால் நேரில் அடையாளம் தெரியவில்லை. யாரோ வாக்காளர் என்று நினைத்து இரண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டார்கள்.

கேமராவை ஊன்றி நிறுத்தியதும் படத்துக்கு ஏற்றபடி வாசல் நீண்டது. கொட்டகைக்குப் போய்ச் சேரவே நேரம் பிடித்தது.

தீத்தாரப்பன் கன்றின் வாயைத் திறந்து பல் பார்த்தார். பாவாத்தாள் முதுகில் சுழி தேடினாள்.

"வறுமை இருக்கா?" என்று கேட்டார் ஜெயப்பிரதாபன்.

"பாதி வறுமைங்க. ஐப்பசி, கார்த்திகையில மட்டும்."

"தெருவிளக்குல படிச்சது?"

"தெருவுல வெளக்கே இல்லீங்க."

"அப்ப இருட்டுல படிச்சார்னு போட்டுக்கலாம்."

"இது காளக்கன்னாட்ட இருக்குதே," என்றாள் பாவாத்தாள்.

"டி.வி.யில பொட்டக் கெடேரியாட்டத் தெரியுங்க," என்றார் ஜெயப்பிரதாபன், சட்டையைத் திருப்பிக்கொண்டே.

சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். பேச்செல்லாம் உள்ளே விரலைப் பிடித்துத்தான். பிடித்த பிடி என்ன விலை என்பது அந்த இரண்டு கைக்கும் மட்டும் தெரியும். கடைசியில் முழுக் கையையும் இறுக்கிப் பிடித்துத் துண்டை உருவிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் அதை மாற்ற யாராலும் முடியாது. இங்கே பணத்துக்குப் பதில் விரலுக்கு ஒரு மாவட்டம் என்று வைத்துக்கொண்டார்கள்.

முதலில் தீத்தாரப்பனுடன் பேச்சு. ஆள் மிரண்டு ஓடட்டும் என்று நாச்சிமுத்து எடுத்த எடுப்பில் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். தீத்தாரப்பன் சிரித்த முகம் மாறாமல் மறுகையையும் உள்ளே விட்டு, இதையும் வைத்துக்கொள் என்று பிடியாலேயே சொன்னார். நாச்சிமுத்து கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு, கொசு கடித்துவிட்டது என்றார்.

அடுத்தது பாவாத்தாள். அவள் பத்து விரலையும் கொடுத்துவிட்டு, துண்டுக்கு வெளியே வாயைத் திறந்து, "கடலு வேணும்னாலும் எடுத்துக்குங்க," என்றாள். அதற்கும் கொசு கடித்தது.

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. கொடுக்கிற எண்ணம் உள்ளவன்தான் பேரம் பேசுவான். கொடுக்கப் போகாதவன் கேட்ட விலைக்குத் தலையாட்டுவான். இவர்களை விலையால் விரட்ட முடியாது. ஒருவரோடு ஒருவரை மோதவிட்டால்தான் உண்டு.

பொழுது பனைமரத்து உச்சிக்கு இறங்கியிருந்தது.

"ரெண்டு பேர்த்துக்கும் ஒண்ணாவே பேசிரலாமுங்க," என்றார் நாச்சிமுத்து. "ஏ புள்ள, இன்னொரு துண்டு கொண்டா."

"இன்னொண்ணு இப்பத்தானுங்க அலசிப் போட்டேன். சொட்டச் சொட்டத் தொங்குது," என்றாள் ராமாத்தாள்.

ஒரு துண்டுக்குள் இரண்டு வாங்குகிற கை நுழையக் கூடாது. சந்தைக்கு முதல்முறை வருகிறவனுக்கும் தெரிந்த விஷயம். அவசரத்தில் நாச்சிமுத்து அதைச் செய்தார். இடது கையைத் தீத்தாரப்பனுக்கும் வலது கையைப் பாவாத்தாளுக்கும் கொடுத்து, ஒரே துண்டால் மூடினார். எல்லாம் குறையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கன்று தன் கயிற்றைத் தானே காலில் சுற்றிக்கொண்டு கத்தியது. இரண்டு கையையும் உருவிக்கொண்டு ஓடினார்.

சிக்கலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். துண்டு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

உள்ளே தீத்தாரப்பனின் கையும் பாவாத்தாளின் கையும் ஒன்றையொன்று கண்டுபிடித்திருந்தன. தரகரின் கை என்றே இருவரும் நம்பினார்கள். கண்கள் கேமராவில் இருந்தன.

நாச்சிமுத்து கிட்டப் போனார். பிறகு யோசித்து, திரும்பி வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். ராமாத்தாள் டீ கொண்டுவந்தாள்.

"ஏனுங்க, நீங்க உள்ள இல்லாமயே நடக்குதே?"

"சத்தம் போடாத. நல்லாப் போயிட்டிருக்குது."

நன்றாகத்தான் போனது. அவர் இத்தனை வருஷத் தரகில் பார்க்காத பேரம். துண்டு ஒரு பக்கம் மேடாகும், மறுபக்கம் பள்ளமாகும். ஒரு கை கிள்ளியது. இன்னொரு கை கட்டைவிரலைப் பிடித்து முறுக்கியது. தீத்தாரப்பன் "ஆ" என்றார். பாவாத்தாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். யாரோ யாருடைய உள்ளங்கையிலோ நண்டூர விட்டார்கள். பாவாத்தாள் களுக்கென்று சிரித்தாள். அவள் முகத்தில் எப்போதும் சிரிப்பு இருக்கும். ஆனால் சிரித்தது இப்போதுதான். தீத்தாரப்பனுக்கும் தொற்றிக்கொண்டது. குலுங்கினார். ஜெயப்பிரதாபன் சட்டையைத் திருப்ப மறந்து படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பொழுது விளிம்பைத் தொட்டபோது இரண்டு கையும் இறுக்கிப் பிடித்தன. துண்டு கீழே விழுந்தது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"நீங்க யாருங்க?" என்றார் தீத்தாரப்பன்.

"பாவாத்தா."

"என்னை எதுத்து நிக்கறவங்களா?"

"ஆமாங்க. போஸ்டர்ல உங்க கை பெருசா இருந்துச்சே."

"அது வேற ஒருத்தர் கை."

கையை யாரும் விடவில்லை. ஜெயப்பிரதாபனுக்கு வியர்த்தது. சட்டையைக் கழற்றி, நேராகப் போடுவதா திருப்பிப் போடுவதா என்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டார்.

"இப்ப கன்னு யாருக்கு?"

"யாருக்குமில்லீங்க," என்றார் நாச்சிமுத்து. "விக்கற கையே துண்டுக்குள்ள இல்லையே. ரெண்டும் வாங்கற கை. ஆனா கை இறுகிப் போச்சு, வியாபாரம் முடிஞ்சுது. அவிய இவியள வாங்கிட்டாங்க. இவிய அவியள வாங்கிட்டாங்க."

"படத்துக்குக் குழந்தைப் பருவம் வேணுமே!"

"இந்நேரம் வரைக்கும் என்னத்தப் புடிச்சீங்க? கிள்ளுனாங்க, முறுக்குனாங்க, காரணமில்லாம சிரிச்சாங்க. இதுக்கு மேல அதுல என்னுங்க இருக்குது?"

ஜெயப்பிரதாபன் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது. அதன் பின்னால் ஓடினார்.

இரண்டு ஆவணப்படங்களும் அடுத்தடுத்து ஒளிபரப்பாயின. இரண்டும் ஒரே மாதிரித் தொடங்கின. ஒரு துண்டு அசைந்தது; உள்ளே ஒரு கை கிள்ளியது, ஒரு கை முறுக்கியது. அவ்வளவுதான். கனத்த குரல் ஒன்று, "இளமையிலேயே போராடிப் பழகியவர்," என்றது. நாடு முழுக்க ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தங்களுக்கும் அப்படித்தான் இருந்தது என்று பேசிக்கொண்டார்கள். படத்தின் மிச்சத்தை யாரும் பார்க்கவில்லை.

ஓட்டுப்பதிவு அமைதியாக நடந்தது. ஆளின் பெயரை யாரும் குத்தவில்லை. கிள்ளிய கைக்குச் சிலரும், முறுக்கிய கைக்குச் சிலரும் போட்டுவிட்டு வந்தார்கள். எது யாருடைய கை என்று தேர்தல் கமிஷனுக்குத் தெரியவில்லை. துண்டைக் கொண்டுவந்தால் விரித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றார்கள்.

ஆகவே எண்ணிக்கை நாளன்று வேன் மறுபடி வந்தது. முன்சீட்டில் தீத்தாரப்பனும் பாவாத்தாளும் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரே பொட்டலத்திலிருந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தார்கள். ஜெயப்பிரதாபன் சட்டை போடாமல் மைக்கோடு இறங்கினார். நேரடி ஒளிபரப்பு.

"துண்டு எங்கங்க?"

நாச்சிமுத்து துணிக்கொடியைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். கொட்டகையில் பார்த்தார்.

கன்றின் வாயோரம் துண்டின் நீலக் கரை ஒரு முழம் தொங்கியது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் உள்ளே போனது.

"வேர்வ உப்புக்கு நக்கும்ங்க," என்றாள் ராமாத்தாள். "நக்கி நக்கித் தின்னுருச்சாட்ட இருக்குது."

ஜெயப்பிரதாபன் காதிலிருந்த கருவியை அழுத்திக் கேட்டார். முடிவு கன்றுக்குள் இருப்பதால் கன்றை இனி யாரும் வாங்கவோ விற்கவோ ஓட்டிப் போகவோ கூடாது, அது நிற்கும் இடத்திலேயே நிற்கவேண்டும் என்று தேர்தல் கமிஷன் உத்தரவு.

"அப்பச் சரிங்க," என்றார் நாச்சிமுத்து.

"சரிங்களா? நாடே பாத்துட்டிருக்கு! ஜனாதிபதி யாருன்னு எப்பங்க சொல்றது?"

நாச்சிமுத்து ஒரு கை வைக்கோலை உதறிக் கன்றுக்கு முன்னால் போட்டார்.

"அச போட்டு முடிக்கட்டுமுங்க."