முகமூடிக்காரனும் கொல்லை மூங்கிலும்

கறுப்பு முகமூடிக்காரன் யாரென்று இன்றைக்குத் தெரிந்துவிடும்! முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில், அப்பா வீட்டுக் கூடத்தில், டி.வி.க்கு முன்னால் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்து வயது, திருவாரூரில் பள்ளிக்கூட டீச்சர். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் கடற்கரைப் பக்கம் சென்னை டி.வி. புள்ளி புள்ளியாகத்தான் வரும். இலங்கை டி.வி. பளிச்சென்று வரும். சனிக்கிழமை சாயங்காலம் அதில் ஒரு சிங்களத் தொடர். குதிரையில் வரும் முகமூடிக்காரன் ஏழைகளுக்கு உதவிவிட்டு மறைந்துபோவான். சிங்களத்தில் எங்களுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. என் தம்பி மணிவண்ணன் வாய்க்கு வந்த கதையைச் சொல்வான், தெரு முழுக்க நம்பும்.

காற்று பலமாக அடிக்கும் நாளில் கொல்லையில் ஆன்டெனா கட்டிய மூங்கிலை யாராவது ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த யாராவது எப்போதும் நான்தான். மூத்தவள், அதிலும் பெண், கேட்கவா வேண்டும்! "வந்துச்சா?" என்று நான் கத்துவேன். "வந்துருச்சுக்கா, கையை எடுக்காத!" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

கடைசி வாரம் பார்த்துக் காற்று பேயாக அடித்தது. முகமூடியைக் கழற்றப் போகிறான் என்று மணி உள்ளேயிருந்து கத்தினான். எனக்குப் பொறுக்கவில்லை. மூங்கிலைப் பிடித்தபடியே எம்பி ஜன்னலைப் பார்த்தேன். ஒரு மண்ணும் தெரியவில்லை. உள்ளே 'ஓ'வென்று ஒரு கூச்சல். அவ்வளவுதான், தொடர் முடிந்துவிட்டது.

யாரு, யாரு என்று ஓடிப்போய்க் கேட்டேன். வைத்தியர் என்றான் என்னோடு படித்த சித்தீக். ராஜாவின் தம்பி என்றாள் எதிர்வீட்டு மீனா. ஆளுக்கொரு பேர். எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள் என்று அழுதேன். மணி மட்டும், "எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்" என்றான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்து என்னிடம் எத்தனை மாங்காய், எத்தனை வீட்டுப்பாடம் கறந்தான், பாவி! என் கல்யாண மேடையில்கூடக் கேட்டேன். சிரித்தானே தவிர வாயைத் திறக்கவில்லை.

இன்று மத்தியானம் சித்தீக் கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கடைசிப் பகுதியின் லிங்கைப் போட்டிருந்தான். யாரோ ஒரு புண்ணியவான் யூடியூபில் ஏற்றியிருக்கிறார். நான் அலறிய அலறலில், படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்த மணி கிரீஸ் கையோடு ஓடிவந்தான்.

"வீட்டுக்குள்ள வீடியோ ஓடுற அளவுக்கு சிக்னல் வராதேக்கா. திருவாரூர் போய் நிதானமாப் பாத்துக்கயேன்" என்று இழுத்தான்.

"முப்பது வருஷமா நிதானமாத்தான் இருக்கேன். இதே கூடத்துல, டி.வி.யிலதான் பாக்கணும். மொட்டைமாடியில சிக்னல் வரும்ல? உன் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத் தூக்கிப் பிடி. ஏறுடா!"

ஏறினான். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து குரல் வந்தது.

"வந்துச்சா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"வரலை... இன்னும் கொஞ்சம் தெக்கால போ... ஆங், வந்துருச்சு! கையை எடுக்காத!"

அதே குதிரை! அதே இசை! முகமூடிக்காரன் கையைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோனான். முடிச்சு அவிழ்ந்தது. அட! இவனா! கைதட்டிக் குதித்தேன், நாற்காலி சாய்ந்து விழுந்தது.

மேலேயிருந்து மெதுவாக, "அக்கா... யாருக்கா அது?"

"ஏன்டா, உனக்குத்தான் தெரியுமே?"

"எங்க தெரியும்! நீ அன்னைக்கு மூங்கில ஆட்டிட்ட. படம் போயிடுச்சு. அதுக்குத்தான் எல்லாரும் கத்துனோம். திரும்பி வந்தப்ப நடிச்சவங்க பேரு ஓடிக்கிட்டு இருந்துச்சு. சொல்லுக்கா, யாரு?"

நான் தின்னாமல் கொடுத்த மாங்காயெல்லாம் கண்முன் வந்து நின்றது. வயிறு வலிக்கச் சிரித்தேன். லிங்கைத் தேடி அவனும் பார்த்துக்கொள்ளலாம்தான். அது அவனுக்கு உறைப்பதற்குள் டி.வி.யை அணைத்துவிட்டு, கொல்லைக்கு ஓடி, மாடியை அண்ணாந்து பார்த்துக் கத்தினேன்.

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்!"