அடியில் நின்றது

சட்டியிலிருந்த மாமனாரின் சாம்பலை ஆற்றில் விடச் சொல்லித்தான் மருமகனை இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டிருந்தார்கள். சட்டியைச் சாய்த்தான். தண்ணீர் உள்ளே புகுந்தது, சாம்பல் மேலே கிளம்பியது. அந்தக் கணத்தில் அவனுடைய மணிக்கட்டு இரண்டும் தன்பாட்டுக்குச் சுழல ஆரம்பித்துவிட்டன. ஒரு சுற்று, விளிம்பை மெல்லத் தாழ்த்தி ஓர் அலசல், மறுபடி ஒரு சுற்று. என்ன செய்கிறோம் என்று அவனுக்கு உறைத்தபோது பாதிச் சாம்பல் விளிம்பைத் தாண்டிப் போயிருந்தது.

வேறு ஊராக இருந்தால் பாவம், துக்கத்தில் கை ஆடுகிறது என்று விட்டிருப்பார்கள். இங்கே கரையில் நின்ற அத்தனை பேரும் தங்கம் அரிப்பவர்கள். மலையில் கல்லை வெட்டி, இடித்து மாவாக்கி, இதே ஆற்றில் தட்டில் போட்டுச் சுழற்றி வயிற்றைக் கழுவுகிறவர்கள். கல்மாவு லேசு, தண்ணீரோடு போய்விடும். தங்கம் கனம், கருமணலோடு அடியில் நிற்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

செத்துப்போன மாமனாருக்கு ஊர் வைத்த பெயரே தங்கப்பல்லு. தன் குழியில் முதன்முதலாக எடுத்த தங்கத்தில் கட்டிக்கொண்ட முன்பல் அது. கல் தூசு நெஞ்சை அடைத்து, மனிதர் மூச்சுக்கு அல்லாடிய நாட்களிலும் அது மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. நெருப்புக்குள் போன தங்கம் உருகித் திரளுமே தவிர எங்கேயும் போய்விடாது. கரையில் நின்றவர்களுக்கு இதுவும் தெரியும்.

மருமகன் சட்டிக்குள் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. கரித்தூளுக்கும் எலும்புத் துணுக்குகளுக்கும் நடுவே மிளகு அளவில் ஒன்று மஞ்சளாக உட்கார்ந்திருந்தது.

எடுத்து உயர்த்திக் காட்டினால், தேடித்தான் அரித்தான் என்று ஆகிவிடும். உள்ளங்கையில் மறைத்தால் திருட்டு. காது மடல் வரை சூடேற, சட்டியை அப்படியே கவிழ்த்து, ஓட்டத்துக்குள் ஆழ அமுக்கி உதறினான். காலி சட்டியைக் கரைக்குத் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தான். அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

மச்சான் துண்டை நீட்டினார். மனைவியின் அண்ணன், தொழிலை விட்டுவிட்டுப் பட்டணத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். முறைப்படி இறங்க வேண்டியவர் அவர்தான். “எனக்கு நீச்சல் வராது, நீங்களே இறங்கிடுங்க மாப்பிள்ளை” என்று காலையில் நழுவியிருந்தார்.

“கைப்பழக்கம், இல்லையா மாப்பிள்ளை?”

“தண்ணி இழுத்துது மச்சான்.”

“ஆமாமா. நல்லா சுத்திச் சுத்தி இழுத்துது, பாத்தேன்.”

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார்கள்.

வீடு வந்து சேரும்வரை மருமகன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முந்தைய நாள் உடலைக் குளிப்பாட்டும்போது, பல்லை எடுத்துவிடலாமா என்று ஒரு பெரியவர் பேச்செடுத்தார். “அவரு வாயை யாரும் தொட வேணாம். சிரிச்ச முகமாவே போகட்டும்” என்றாள் அத்தை, மாமனாரின் மனைவி. அதுதான் சரி என்று எல்லோருக்கும் முந்திக்கொண்டு தலையாட்டியவன் இவன். இப்போது அந்தத் தலையாட்டலை எத்தனை பேர் நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்களோ.

கூடத்தில் மாமனாரின் பிழிதுணி இன்னும் ஆணியில் தொங்கியது. கருமணலில் பாதரசத்தை ஊற்றிப் பிசைந்தால், தூள் தூளாகக் கிடக்கும் தங்கத்தை எல்லாம் அது வாரிக்கொள்ளும். துணியில் வைத்துப் பிழிந்து, மிச்சத்தை நெருப்பில் காட்டினால் பாதரசம் புகையாகப் போய்த் தங்கம் மட்டும் நிற்கும். கண் அசந்தால் ஒரு துளி யார் நகத்துக்குள் போனது என்று தெரியாத வேலை. அதைப் பெற்ற பிள்ளையிடம்கூட விடாத மனிதர், இவனிடம் விட்டார். “கை சுத்தம்னு பாத்துதான் பொண்ணு குடுத்தேன்” என்று நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்லிக் காட்டுவார். அப்போதெல்லாம் இவனுக்குக் கூச்சமாக இருக்கும், உள்ளூரப் பிடித்தும் இருக்கும்.

ஈரச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். திருடவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் கை சுழன்றபோது, இருக்குமோ என்று மனசின் ஓரத்தில் ஒன்று எட்டிப் பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்யச் சொன்னால் அவனால் முடியாது. அதுதான் பிடுங்கித் தின்றது. ஜன்னல் வழியே பார்த்தபோது மச்சான் கொடியருகே நின்று அந்தச் சட்டையின் பையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். கண்கள் சந்தித்துவிட்டன.

“காய்ஞ்சிடுச்சான்னு பாத்தேன்” என்றார் மச்சான்.

“இப்பதானே போட்டேன்.”

“அதான்.”

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அத்தை பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மருமகன் சமையலறை வாசலில் போய் நின்றான். மனைவி அந்தச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இருந்துச்சா?” என்றாள் திரும்பாமல்.

எது என்று கேட்டுத் தப்பிக்கலாம். அவனுக்கு மனம் வரவில்லை.

“இருந்துச்சு.”

“எங்க?”

“ஆத்துல விட்டுட்டேன். நெஜமா. மச்சான் மாதிரி நீயும் பையைப் பாக்காத.”

“நீங்க எடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஏன் விட்டீங்க?”

அவனுக்குப் புரியவில்லை. “எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. எடுத்துக் காட்டினா என்ன நெனைப்பாங்க? அத்தை வேற தொட வேணாம்னு சொன்னாங்க.”

“வாயைத் தொட வேணாம்னுதான் சொன்னாங்க. சாம்பல்ல தானா வந்து நின்னதை வேணாம்னு யார் சொன்னது?”

அவள் கை தேய்ப்பதை நிறுத்தியிருந்தது.

“அப்பாவோடதுன்னு எங்கிட்ட ஒண்ணுமே இல்லைங்க. போட்டோவுலகூட வாயை இறுக்கி மூடிட்டுத்தான் நிப்பாரு. அது கைக்கு வந்துச்சு. நாலு பேரு சிரிப்பாங்கன்னு விட்டுட்டீங்க.”

“நான் என்ன...”

“சிரிச்சிட்டுப் போறாங்கன்னு உங்களுக்குத் தோணலை. அவ்வளவுதான்.”

குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அத்தைக்குத் தண்ணீர் மொண்டுகொண்டு அவனைத் தாண்டிப் போனாள். அவன் அங்கேயே நின்றான். அதுவரை கை சுழன்றதற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான். அது ஒரு வெட்கமே இல்லை என்று இப்போது தெரிந்தது. கை செய்ததை மன்னித்துவிடலாம். கவிழ்த்தது அவனாகச் செய்தது.

மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போகும் நேரத்தில் மருமகன் தட்டையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். வழக்கமாக அரிக்கும் மேல்துறைப் பக்கம் திரும்பாமல் நேராகச் சாம்பல் கரைத்த அதே துறையில் போய் இறங்கினான். கனமான பொருள் ஓட்டத்தில் வெகுதூரம் போகாது. முதல் பாறை மறைவில் ஒதுங்கி, மணலுக்குள் இறங்கிவிடும். பாறைக்குப் பின்னால் முதுகை வளைத்துத் தோண்டினான். தட்டில் அள்ளி, சுழற்றி, அலசி, அடியில் நின்ற கருமணலை விரலால் கிளறிப் பார்த்துக் கொட்டினான். மறுபடி அள்ளினான்.

கரையில் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். சற்றுத் தள்ளி மச்சான், பட்டணத்துக்குக் கிளம்பிய உடுப்போடு, பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“என்னப்பா, மாமனார் கிடைச்சாரா?” என்றான் கூட்டத்தில் ஒருவன். சிலர் சிரித்தார்கள்.

மருமகன் நிமிர்ந்தான். முகமெல்லாம் தண்ணீர் வழிந்தது.

“இன்னும் இல்லை” என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு குனிந்து அடுத்த தட்டு மணலை அள்ளினான்.