ஒட்டுப்பால்

மீட்டரின் சிவப்புக் குச்சியை வயரின் ஒரு முனையிலும் கறுப்புக் குச்சியை மறுமுனையிலும் வைத்து அழுத்தினாள் ஷிபா. பீப் என்றது. அவள் பற்றவைத்த இடத்தில் குறை ஒன்றும் இல்லை என்று அர்த்தம். விடிந்ததிலிருந்து இந்தப் பாழாய்ப்போன மீட்டர் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. குறை இல்லையென்றால் வண்டி ஏன் கியர் போட்டதும் செத்துப்போகிறது? அதைச் சொல்ல மட்டும் அதற்கு வாய் வரவில்லை.

வீட்டு முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளுடைய தம்பி ஜெரிஷ் கிடந்தான். மதியத்துக்குப் பிறகு போதகர் வந்துவிடுவார். ஜெபம், பாட்டு, பெட்டி அடைப்பு, அப்புறம் கல்லறைத் தோட்டம். அதற்குள் அவன் வண்டி ஒரே ஒரு முறை கியரில் ஓட வேண்டும். ஐ.சி.யூ. கட்டிலில் வைத்து அவனுக்குக் கொடுத்த வாக்கு அது. கொடுத்த வாக்கைக் கேட்க அவன் இல்லை என்பதற்காக விட்டுவிட முடியுமா?

"ஏட்டி ஷிபா!" செல்லபாய் மாமி ஷெட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பாவின் தங்கை. அருமனைக் கடைத்தெருவில் நின்று பேசினால் ஆற்றுக்கு அந்தக் கரையில் கேட்கும். "தம்பி அங்க பெட்டியில கெடக்கான். நீ இஞ்ச இருந்து வயரு நோண்டுதியா? ஆளுவ என்ன பறைவாவ?"

"என்ன வேணும்னாலும் பறையட்டும் மாமி."

"அவனக் கொன்ன சவத்த இன்னும் கட்டிப்பிடிச்சிட்டு இரு."

"எலிக்காய்ச்சல் மாமி. எலிக்காய்ச்சல்! எத்தற மட்டம் சொல்ல?"

மாமி நம்பவில்லை. யாருமே நம்பவில்லை. முகப்பு விளக்கு இல்லாமல், கண்ணாடி இல்லாமல், நம்பர் பலகை இல்லாமல் ஷெட்டுக்குள் நிற்கும் வண்டியைப் பார்த்ததுமே வருகிறவர்கள் அவரவர் தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். காலையில் ஒருவர் வந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "எந்த வளைவுல வச்சு?" என்று கேட்டார். காய்ச்சல் என்றதும், "அப்ப வண்டியில இருந்து விழல்லியா?" என்றார். அவர் குரலில் சின்ன ஏமாற்றம் இருந்தது. ஷிபாவுக்கு அவர் தலையில் ஸ்பானரை எறியலாம் போல வந்தது.

வண்டி அவனைக் கொல்லவில்லை. சரியாகச் சொன்னால், ரோட்டில் சாகக் கூடாது என்றுதான் அவன் அதைப் பிரித்துப் போட்டான். பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கை அவன் வாங்கி வந்த நாள் முதல் அம்மா சத்தியபாய் சாப்பிடாமல் கிடந்தாள். "ரோட்டுல ஓட்டினாத்தானே பயம்? இனி ரோட்டுல இறக்கவே மாட்டேன். கோயம்புத்தூர் ட்ராக்குல மட்டும்தான். அங்க எதிருல லாரி வராதும்மா" என்று அம்மாவின் தலையில் கைவைத்துச் சொன்னான். மறுநாளே விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்டு எல்லாம் கழன்று சாக்குக்குள் போயிற்று.

வினையே அந்த ஸ்டாண்டில்தான். ஸ்டாண்டு கீழே கிடக்கும்போது கியர் போட்டால் எஞ்சின் தானாக அணைந்துபோகும்படி கம்பெனிக்காரன் ஒரு சுவிட்ச் வைத்திருப்பான். ஸ்டாண்டைக் கழற்றினால் சுவிட்சும் போகும். அப்புறம் அந்த வயர்களை ஒன்றாகச் சேர்த்து, ஸ்டாண்டு மேலேதான் இருக்கிறது என்று வண்டியை நம்பவைக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கிற ஷிபாவுக்கு இது கைத்தூசு. லேப் வேலையில் அவளுக்கு நேரம் கிடைக்கும்வரை வண்டி நாலு நாள் ஓடாமல் கிடந்தது, அவனும் முகம் வாடிக் கிடந்தான்; பிறகு சேர்த்துப் பற்றவைத்தாள். வண்டியும் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒருநாள் நியூட்ரலில் உறுமிக்கொண்டு நின்றது, கியர் போட்டதும் பொசுக்கென்று அணைந்தது. மறுநாள் ஓடியது. அதற்கு அடுத்த நாள் மறுபடி அணைந்தது. நிரந்தரமான பழுதைக் கண்டுபிடித்துவிடலாம், வந்து வந்து போகிற பழுது மனுஷனைப் பைத்தியமாக்கிவிடும்.

"நீ பத்தவச்சதுதான் சொதப்பல்" என்றான் ஜெரிஷ்.

"நீ சென்சார தலைகீழா மாட்டியிருப்ப" என்றாள் அவள். வண்டி சரிந்தால் எஞ்சினை அணைக்கிற சென்சார் ஒன்று உண்டு. பாடியை மாற்றும்போது அவன்தான் அதை இடம் மாற்றியிருந்தான்.

சண்டை முற்றிப் பேச்சு நின்றது. ஒரே மேசையில் உட்கார்ந்து மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் தின்றார்கள், உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவைத்தான் கேட்டார்கள். ட்ராக்குக்குப் போக வேண்டிய நாள் வந்தது. வண்டியை ஏற்ற பிக்கப் வாசலில் வந்து நின்றது. கியர் போட்டான், அணைந்தது. போட்டான், அணைந்தது. பிக்கப் சும்மா திரும்பிப் போயிற்று. அவன் ஹெல்மெட்டைச் சுவரில் எறிந்தான், பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற ரேஸ் ஸ்டாண்டை எட்டி உதைத்தான். குதிகாலில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

அப்பா ஏசுஅடிமைதான் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். "சும்மா இருந்து புழுங்காத மக்கா. வா, வாழைத் தோட்டத்துல வாய்க்கால் கோரலாம்." மழைவெள்ளமும் சேறும் முழங்கால் அளவு கிடந்தது. அந்தக் காலோடு அவன் சாயங்காலம் வரை அதில் நின்றான். பிறகு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், சிறுநீரகம் நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் குழாய் சொருகுவதற்கு முன் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"அக்கா, நீ பத்தவச்சது செரிதான். நான் சும்மா சொன்னேன். பழுது கிட்டிச்சா?"

"கிட்டும். நான் செரியாக்கி வைக்கேன். நீ வந்து கியர் போட்டா மட்டும் போதும்."

இப்போது கிட்டித் தொலைக்க மாட்டேன் என்கிறது.

"அக்கா, போதும். நாம உள்ள போவலாம்" என்றான் பிரபின். ஜெரிஷுடன் ட்ராக்குக்குப் போகிறவன், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு இருந்தான். அழுது அழுது அவன் மூக்கு சிவந்திருந்தது.

"நீ வாய மூடிட்டு டார்ச்சப் பிடி. எழவு, ஓடித் தொலையேன் சவமே!" என்று வண்டியின் டாங்கில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அறைந்த பிறகுதான் வாயில் வந்த வார்த்தை காதில் விழுந்தது. பிரபின் தலையைக் குனிந்துகொண்டான். முன்னறையில் பாட்டுக் குழுவினர் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள்.

அறைந்த அதிர்வில், வயரில் செருகியிருந்த மீட்டர் ஒருமுறை நின்று மறுபடி பீப் என்றது.

ஷிபா கையை அப்படியே நிறுத்தினாள். டாங்கை மெதுவாக அசைத்தாள். பீப் வந்தது, நின்றது, வந்தது. டாங்குக்கு அடியில் கம்பெனி போட்ட கப்ளர் ஒன்று, ரப்பர் மூடி போட்டு இருந்தது. வயர்களின் ஒரு கூட்டமும் மறு கூட்டமும் சேருகிற இடம் அது. அதை அவளும் திறக்கவில்லை, அவனும் திறக்கவில்லை. நாம தொடாத எடத்துல பழுது வராது அக்கா என்பான் ஜெரிஷ். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருந்தது.

டாங்கைத் தூக்கிக் கட்டையால் முட்டுக்கொடுத்து, மூடியை விலக்கி, கப்ளரைப் பிரித்தாள். உள்ளே ஊசிகளின் மேல் மெல்லிய பழுப்பு ஆடை ஒன்று படர்ந்திருந்தது. குண்டூசி முனையால் நெம்பி நகத்தால் பிடித்து இழுத்தாள். அது அறுந்து வரவில்லை, நீண்டு வந்தது. விட்டதும் சுருண்டுகொண்டது. மூக்கருகே கொண்டுபோனாள். புளித்த நாற்றம்.

"என்னக்கா அது, பசையா?"

ரப்பர் வெட்டுகிறவர் வீட்டில் பிறந்தவளுக்கு ஒட்டுப்பால் தெரியாதா? மரத்தில் வடிந்து காய்கிற பால்தான் அது. கதவுப் பிடியிலும் ரிமோட்டிலும் சோற்றுத் தட்டின் விளிம்பிலும் அதன் துணுக்கைப் பார்த்துத்தான் வளர்ந்தாள். அப்பாவின் விரல்களிலிருந்து அது ஒருநாளும் முழுதாகப் போனதில்லை.

டார்ச்சைப் பிடுங்கி மற்ற கப்ளர்களில் அடித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பழுப்புப் பெருவிரல் தடம் இருந்தது. எல்லா மூடிகளும் நன்றாக அமுக்கி மூடப்பட்டிருந்தன.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரிந்த ரிப்பேர் ஒன்றே ஒன்று. டிவி வரவில்லையென்றால் வயரைப் பிடுங்கி மறுபடி குத்துவார். மிக்ஸி சுற்றவில்லையென்றாலும் அதுதான், ரேடியோ கரகரத்தாலும் அதுதான். விடியுமுன் நெற்றி விளக்கோடு வெட்டுக்குப் போகிறவர், முதல் நாள் பால் காய்ந்த விரலோடு இந்த ஷெட்டில் நுழைந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து அமுக்கியிருக்கிறார். அந்தச் சவத்த வித்துத் தொலையுங்கலே என்று பகலெல்லாம் சொன்ன மனுஷன்!

ஷிபாவுக்குக் கோபம் எழும்பி வந்தது. உம்ம யாரு தொடச் சொன்னா? நீர் தொடாமல் இருந்தால் வண்டி கோயம்புத்தூருக்குப் போயிருக்கும். அவன் அந்த நாள் ட்ராக்கில் இருந்திருப்பான். வாய்க்காலில் இறங்கியிருக்க மாட்டான். இதைப் பந்தலுக்குப் போய், இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று எழுந்தாள்.

வாசலில் அப்பா நின்றார். வெள்ளை வேட்டி, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை.

"போதகர் வந்தாச்சு மக்கா" என்றார். கண் வண்டியின் மேல் போயிற்று. "பழுது கிட்டிச்சா?"

"கிட்டிச்சு."

"என்னவாம்?"

கையில் அந்தத் துணுக்கு சுருண்டு கிடந்தது.

அப்பா ஒரு அடி உள்ளே வந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஸ்டாண்டு கழத்திப் போட்டு வண்டி ஓடாமக் கெடந்த அந்த நாலு நாளும் நான் வெடியக்காலம் வெட்டுக்குப் போவும்போ ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். வல்லதும் லூசா இருக்குமோண்ணு. அவனுக்க மூஞ்சி பாக்கச் சகிக்கல்ல, கேட்டியா. நான் இதுல தொட்டேம்ணு அவனுட்ட சொல்லிராத, சத்தம் போடுவான்."

சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று தெரிந்து, அப்படியே நின்றார். பிரபின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஷிபா கையை மூடிக்கொண்டாள்.

"எலி, அப்பா" என்றாள். "வயரக் கடிச்சிருக்கு."

"அதும் எலியா?" என்றார் அவர். "செரி. சேத்துவிடு."

பெட்ரோலில் நனைத்த துணியால் ஊசிகளைத் துடைத்தாள். குண்டூசியால் இடுக்கைச் சுரண்டினாள். கப்ளரைச் சேர்த்து, டாங்கை இறக்கினாள். வண்டி ரேஸ் ஸ்டாண்டில் பின்சக்கரம் அந்தரத்தில் நிற்க இருந்தது. சாவியைத் திருப்பி பொத்தானை அமுக்கினாள். பிடித்துக்கொண்டது. அந்தச் சின்ன ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது.

"பிரபின், கியர் போடு."

"நானா?"

"போடு மக்கா."

அவன் கிளட்சைப் பிடித்துக் காலால் கியரைத் தட்டினான். டக் என்றது. கிளட்சை மெல்ல விட்டான். பின்சக்கரம் சுற்றத் தொடங்கியது. அணையவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது.

முன்னறையில் பாட்டு நின்றது. "அணைக்கச் சொல்லுங்கோ, ஜெபம் தொடங்கப் போவுது" என்று செல்லபாய் மாமி கத்துவது கேட்டது. உடனே அம்மாவின் குரல், கத்திக் கத்தித் தேய்ந்துபோன குரல்: "அணைக்காத! எனக்க பிள்ள கேக்கட்டு." இந்தச் சத்தத்துக்காக மகனைத் துடைப்பத்தோடு துரத்திய அம்மா அது.

அப்பா வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல் நகத்தால் ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டே இருந்தார், எப்போதும் செய்கிற மாதிரி. ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த நாள்களில் அவர் வெட்டுக்குப் போகவில்லை. ஆனாலும் நகக்கண்ணில் பழையது ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

ஷிபா அவர் கையைப் பிடித்தாள். பெட்ரோல் துணியை நகக்கண்ணில் வைத்துத் தேய்த்து, ஒட்டுப்பாலை நுனியில் பிடித்து உரித்தாள். அது நீண்டு, அறுந்து, அவள் கையில் இருந்ததோடு சேர்ந்துகொண்டது. போதகர் ஜெபத்தைத் தொடங்கும் குரல் எஞ்சின் சத்தத்துக்குள் லேசாகக் கேட்டது.

அப்பா அடுத்த விரலை நீட்டினார்.