ஐந்தாம் தொகிமாரு

"நாளைக்கு மேடையில என் சின்னவனை அஞ்சாமவரேன்னு கூப்பிடாதீங்க ஐயா. ஆறாமவரேன்னு கூப்பிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

சோயாப்பால் கட்டியான டோஃபு விற்கும் எங்கள் கடையின் ஈரத் தரையில் மண்டியிட்டிருந்தாள் இகுயோ. கபுகி நாடக நடிகர் ஹயாமி ரென்சோவின் மனைவி. பட்டுக் கிமோனோவின் ஓரம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"எந்திரிங்கம்மா," என்றார் என் வீட்டுக்காரர் தொமெகிச்சி. "நடிகர் வீட்டம்மா இப்படிக் கெடந்தா, என் டோஃபு ஊசிப்போச்சுன்னு சண்டைக்கு வந்திருக்கீங்கன்னு தெருவே பேசும்."

"பேசட்டும்."

அவருக்குத் தொழில் டோஃபு. உயிரோ நாடகக் கொட்டகையின் மூன்றாம் மாடியில் இருந்தது. மலிவு இருக்கைகளுக்குப் பின்னால் நின்று, நடிகரின் வீட்டுப் பெயரையோ அவர் எத்தனையாமவர் என்பதையோ சரியான நொடியில் உரக்கக் கூவுகிறவர்களில் அவரே மூத்தவர். அவர் குரல் எழும்பினால்தான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள்.

ஹயாமி வீட்டில் பிள்ளைகள் முதலில் ஏற்கும் மேடைப் பெயர் தொகிமாரு. நாலு பேர் அதைச் சுமந்து முடித்திருந்தார்கள். ஐந்தாமவனாக மூத்த மகன் யசுவோவை அறிவித்தார்கள். பெயர் அச்சிட்ட கைத்துண்டுகள் ரசிகர் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. திரை விலக இருந்த வாரம் தொண்டை அடைப்பான் வந்து பிள்ளை போய்விட்டான். இப்போது அதே பெயர் தம்பி கோஜிக்கு. ஆனால் சுவரொட்டியில் அவனையே ஐந்தாமவன் என்று அச்சடித்துவிட்டார்கள்.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"மேடை ஏறாதவனுக்கு எண்ணு கெடையாதுங்கறாரு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லல, செவுத்தப் பாத்துச் சொன்னாரு. செத்த பிள்ளையை எண்ணினா அபசகுனம்னு நாடகக் கம்பெனிக்காரங்க சொல்றாங்க. எல்லா வாசலும் ஏறி எறங்கிட்டேன் அக்கா. யசுவோ எனக்குப் பொறந்தவன்தானே? பேரும் இல்ல, எண்ணும் இல்லன்னா அவன் எங்க இருந்தான்னு சொல்லுவேன்?"

என் வீட்டுக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "அம்மா, சுவரொட்டியில என்ன இருக்கோ அதைத்தான் நாங்க கூவணும். நான் ஆறுன்னு கூவினா அத்தனை பேர் முன்னாடி உங்க வீட்டுக்காரரைப் பொய்யர்னு சொன்ன மாதிரி."

"அப்ப கூவாமயாவது இருங்க."

அவர் கத்தியை மறுபடி கையில் எடுத்தார்.

"ஏங்க, அது முடியுமில்ல?" என்றேன்.

"நீ சும்மா இரு. முடியாதுன்னு நான் சொன்னேனா?" என்று என்மேல் பாய்ந்தார். பிறகு அவளைப் பார்த்து, "சரிம்மா. நாளைக்கு என் வாய் தெறக்காது," என்றார்.

மறுநாள் பகல் ஆட்டம். நானும் வீட்டுக்காரரோடு மூன்றாம் மாடிக்குப் போயிருந்தேன். நடிகர்களின் மனைவிமார் கீழே முன்கூடத்தில் நின்று ரசிகர்களை வரவேற்கவேண்டும். இகுயோவோ படியேறி மூன்றாம் மாடிக்கு வந்து என் பக்கத்தில் தூணோடு ஒட்டி நின்றாள்.

"கீழ தேடுவாங்களேம்மா!"

"தேடட்டும் அக்கா. கோஜிக்குக் கொட்டகை முழுக்க ஆள் இருக்கு. யசுவோவுக்கு நான் ஒருத்திதானே?"

திரை விலகியது. நடிகர்கள் வரிசையாக மண்டியிட்டு நெற்றியைத் தரையில் பதித்திருந்தார்கள். ரென்சோ மட்டும் நிமிர்ந்து கணீரென்று சொன்னார்: "என் மகன் இன்று ஐந்தாம் தொகிமாரு ஆகிறான். அவனை உங்கள் கையில் ஒப்படைக்கிறேன்."

பக்கத்தில் கடுகளவாய்க் கோஜி. "தொகிமாரு வணங்குகிறேன். கைவிட்டுடாதீங்க," என்று மழலையில் கூவிவிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான்.

இப்போது குரல் எழவேண்டும். மாடியில் நின்ற அத்தனை பேரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, டோஃபு தொண்டையில சிக்கிக்கிச்சா?" என்று ஒருவன் கிசுகிசுத்தான்.

"வாய மூடுறா."

கொட்டகை அடங்கிக் கிடந்தது. மேடையில் பிள்ளை நிமிரவில்லை.

"ஏன் இன்னும் எந்திரிக்கல?" என்றேன்.

"குரல் வந்தப்பறம்தான் தலையத் தூக்கணும்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்." இகுயோவின் விரல்கள் என் கையில் பதிந்தன.

கீழே யாரோ இருமினார்கள். யாரோ சிரித்தார்கள். "பிள்ளை தூங்கிட்டானா?" என்று ஒரு குரல் கேட்டது. ரென்சோவின் முகத்தில் பூச்சையும் மீறி வியர்வை துளிர்த்தது. கோஜியின் சின்னத் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"அழறான் அக்கா."

"ஏங்க, கூவித் தொலைங்க!" என்று அவர் சட்டையை இழுத்தேன். "முதல் வணக்கத்துக்கே குரல் கெடைக்காதவன்னு அந்தப் பிள்ளையச் சாகறவரைக்கும் சொல்லுவாங்க!"

"வாக்குக் குடுத்திருக்கேன்டி. அந்தம்மா சொல்லட்டும்."

அவர் திரும்பி இகுயோவைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது பேச்சாக வரவில்லை.

"ஐந்தாமவரே!"

பெண் குரல் கேட்டறியாத மாடி அது. ஒரு கணம் எல்லாரும் விக்கித்துப்போனார்கள். அடுத்த கணமே என் வீட்டுக்காரர் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, குரல் கிழிய, "ஐந்தாமவரே!" என்றார். அதன்பின் மாடி முழுக்க, "ஐந்தாமவரே! ஐந்தாமவரே!" என்று இடி இடித்தது. கோஜி நிமிர்ந்தான். மூக்கு ஒழுகச் சிரித்தான்.

இகுயோ படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"சொன்னேன். எல்லாருக்கும் முன்னாடி நான்தான் சொன்னேன்."

கொட்டகைப் பணிப்பெண் மூச்சிரைக்க ஏறி வந்தாள். "இங்கயா இருக்கீங்க? கீழ எல்லாரும் வாழ்த்துச் சொல்லக் காத்துட்டிருக்காங்கம்மா!"

இகுயோ எழுந்தாள். இடுப்புப் பட்டையை நீவிவிட்டுக்கொண்டாள். நான் பிடிக்கப் போன கையை மெல்ல விலக்கிவிட்டு இறங்கினாள். சற்று நேரத்தில் கீழிருந்து அவள் குரல், பழகிய குழைவோடு, ஒவ்வொருவரிடமாக நகர்ந்துகொண்டே இருந்தது.

"ரொம்ப நன்றிங்க. எங்க அஞ்சாமவனை நீங்கதான் பாத்துக்கணும். ரொம்ப நன்றிங்க. எங்க அஞ்சாமவனை..."